நேராக நடந்த வசந்தாமணி

சுள்ளிக்காட்டூரில் யாரும் நேராக நடப்பதில்லை. அங்கே பிறக்கிறவர்கள் கூட்டலாகவோ கழித்தலாகவோ பிறக்கிறார்கள். நடக்கத் தொடங்கியதும் கூட்டல்காரர்களை ஊரின் திருப்பம் இடப்பக்கமாக வளைக்கும், கழித்தல்காரர்களை வலப்பக்கமாக வளைக்கும். நின்றுகொண்டிருப்பவரை அது தொடாது. நடக்கிறவரை வேகப்படுத்துவதுமில்லை, மெதுவாக்குவதுமில்லை. பக்கவாட்டில் வளைத்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். வீட்டைவிட்டு இறங்கியவர்கள் ஒரு வட்டம் போட்டு வீட்டுக்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். கடைக்குப் போக வேண்டுமென்றால் கடை தன் வட்டத்தில் விழுகிற மாதிரி திசை பார்த்து இறங்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் பஸ் கண்டக்டர் மட்டும் நேராக நடப்பார். அவர் எப்படித் தினமும் வீடு திரும்புகிறார் என்று ஊரில் பலருக்குக் கவலை உண்டு.

நாச்சிமுத்து கூட்டல். கிழக்குப் பார்த்த வீடு, ஒட்டினாற்போல மாவு மில். அவன் மனைவி வசந்தாமணி கழித்தல். ஊரில் அப்படிப் பார்த்துத்தான் பெண் எடுப்பார்கள். கூட்டலும் கூட்டலும் ஒரே பாயில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு மூலைக்கு வழுக்கிப் போய்விடும். இவர்களுக்கு அந்தச் சிரமமில்லை. கல்யாணமான புதிதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பிரித்து எழுப்ப மூன்றாவது ஆள் வர வேண்டியிருந்தது. ஆனால் சேர்ந்து நடந்ததில்லை. வாசலில் இறங்கினால் அவன் இடது பக்கம் போவான், அவள் வலது பக்கம் போவாள். கோயிலில் எதிரெதிர்ச் சுற்றாக வந்து, எதிர்ப்படும்போது சிரித்துக்கொள்வார்கள்.

நாச்சிமுத்துவுக்கு மனைவிமேல் கொள்ளை ஆசை. அந்த ஆசை எப்போதும் சந்தேகமாகத்தான் வெளியே வந்தது. வளையல்காரர் அவள் கையைப் பிடித்து வளையல் போட்டுவிட்டதைப் பார்த்த பிறகு, வளையலை அவனே வாங்கி வந்தான். ஒன்றும் சேரவில்லை. அவள் எல்லாவற்றையும் ஆணியில் மாட்டிவைத்தாள். மில்லுக்கு வரும் ஆண்கள் கம்பு சலிப்பதைப் பற்றி அவளிடம் ஏதாவது கேட்டால், இவன் மோட்டார் சத்தத்தை மீறிக் கத்திப் பதில் சொல்வான்.

அவனை அதிகம் வாட்டியது சுற்று நேரம். ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்று நேரம் உண்டு. மெதுவாக நடந்தால் சின்ன வட்டம், வேகமாக நடந்தால் பெரிய வட்டம். ஆனால் இரண்டுக்கும் ஆகிற நேரம் ஒன்றுதான். வசந்தாமணிக்கு அது ஒரு பானைச் சோறு வேகிற நேரம். பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலைக்குப் போனாலும் சோறு வேகும்போது வருவாள். ஊர்க்கோடிக்கு ஓடிப்போனாலும் சோறு வேகும்போதுதான் வருவாள். மற்ற ஊர்களில் மனைவி நேரம் கழித்து வந்தால் கணவன் எங்கே போனாய் என்று கேட்கலாம். இங்கே கேட்க முடியாது. எவ்வளவு தூரம் போனாள் என்பதை அவள் மூச்சை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாச்சிமுத்து அவள் திரும்பும்போதெல்லாம் வாசலில் நின்று மூச்சைக் கேட்டான்.

ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல் பெரிய வீதியிலிருந்து மேளம் கேட்டது. அன்று ஊரில் கல்யாணம் இல்லை, சாவும் இல்லை.

பெரிய வீதி மேற்கிலிருந்து கிழக்காக ஓடி ஊர் எல்லையில் முடிகிறது. அந்த வீதியில் மட்டும் திருப்பத்தோடு இழுப்பும் உண்டு. சும்மா நின்றால் கூட்டல்காரர்களைத் தெற்குச் சுவருக்கு இழுக்கும், கழித்தல்காரர்களை வடக்குச் சுவருக்கு இழுக்கும். கிழக்கு நோக்கி நடந்தால் திருப்பம் அதற்கு எதிர்ப்பக்கமாக வளைக்கும். ஒரு குறிப்பிட்ட நடைவேகத்தில் இழுப்பும் திருப்பமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அந்த வேகத்தில் நடக்கிறவர் கூட்டலானாலும் கழித்தலானாலும், குண்டானாலும் ஒல்லியானாலும், நேராகப் போவார். அந்த நடைக்குரிய தாளத்தை அடிப்பவன் செங்கோடன். அவன் மேளம் இல்லாமல் ஊரில் ஊர்வலமே கிடையாது. ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது வேறு ஆளை வைத்து அடித்தார்கள். மாப்பிள்ளை தெற்குச் சுவரிலும் பெண் வடக்குச் சுவரிலும் போய் ஒட்டிக்கொண்டு, வீதியின் குறுக்கே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரைவிட்டு வெளியே வாழப்போகும் பெண்களும் செத்துப்போனவர்களும் மட்டுந்தான் அந்த வீதியில் கடைசிவரை போவார்கள். மேற்கு நோக்கித் திரும்பி வர அந்த வீதியில் வழியில்லை. வரும்போது இழுப்பும் திருப்பமும் ஒரே பக்கமாகச் சேர்ந்துகொள்ளும்.

மேளம் நின்ற கொஞ்ச நேரத்தில் வசந்தாமணி வீட்டுக்கு வந்தாள். அடுப்பில் சோறு வெந்திருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. முகம் மட்டும் வெயில் பட்ட பித்தளைச் சொம்பு மாதிரி இருந்தது.

"எங்க போனே?"

"சுத்திட்டு வந்தேனுங்க."

மறுநாளும் மேளம் கேட்டது. அதற்கும் மறுநாள் நாச்சிமுத்து வாசற்படியில் அரிசி மாவைத் தூவிவைத்தான். வசந்தாமணி அதை மிதித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் மறைந்ததும் மில்லை நிறுத்திவிட்டு அந்த வெள்ளைச் சுவடுகளைத் தேடிப் போனான். அவள் வட்டமும் அவன் வட்டமும் எதிர்ப்பக்கமானவை என்பதால் சுவடுகளைத் தொடர்ந்து நடக்க முடியவில்லை. ஒரு சுற்று சுற்றி ஒரு சுவட்டைப் பார்ப்பான். திசை மாற்றி இன்னொரு சுற்று சுற்றி அடுத்ததைப் பார்ப்பான். சுவடுகள் வலப்பக்கமாக அழகாக வளைந்து ஊரணியைத் தாண்டி, அரசமரத்தைத் தாண்டி, பெரிய வீதிக்குள் நுழைந்தன. அங்கே அவை நேராகிவிட்டன.

அவன் வீதி முனையில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அந்த நேர்கோட்டைப் பார்த்தான். ஒரு பாதம், அதற்கு முன்னால் ஒரு பாதம், அதற்கு முன்னால் இன்னொன்று. கோணல் துளியும் இல்லை. பன்னிரண்டு வருஷமாகத் தன்னோடு வாழும் பெண்ணுக்கு இப்படி ஒரு நடை இருப்பது அவனுக்குத் தெரியாது. அந்தச் சுவடுகளுக்குப் பக்கத்திலேயே, அதே இடைவெளியில், ஓர் ஆணின் செருப்புத் தடங்களும் நேராகப் போயிருந்தன.

செங்கோடன் தன் வீட்டுக்கு முன்னால் கட்டிலில் உட்கார்ந்து மேளத்துக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தான். அவனும் கூட்டல். நாச்சிமுத்து சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு போனான். செங்கோடன் கட்டிலோடு பின்னால் நகர்ந்தான். நாச்சிமுத்து இன்னொரு எட்டு வைத்தான். கட்டில் சுவரில் முட்டி நின்றது. அதற்குமேல் நாச்சிமுத்துதான் பின்னால் வழுக்கினான்.

"அங்கியே நின்னு பேசுங்கண்ணா, நல்லாக் கேக்குது" என்றான் செங்கோடன்.

"எம்பொண்டாட்டிக்கு எதுக்குடா மோளம் அடிக்கறே?"

"அவங்க நடக்கறாங்க. அடிக்காட்டி ஒதுங்கீருவாங்கள்ல."

"ரெண்டு பேரும் எங்க போறீங்க?"

"நேரா போறோமுங்க."

"நேரான்னா எங்க?"

செங்கோடன் யோசித்தான். "நேரான்னா நேராத்தானுங்க. தெனமும் இன்னுங் கொஞ்சம் தூரம் போறோம். அப்பறம் அவங்க சந்துல பூந்து சுத்தி ஊட்டுக்கு வந்தர்றாங்க."

"இதுல உனக்கென்னடா வந்துச்சு?"

"கல்யாணத்துக்கும் சாவுக்கும் அடிச்சு அடிச்சுக் கையி காச்சுப் போச்சுங்க. ரெண்டுலயும் நடக்கறவங்க ஆசப்பட்டு நடக்கறதில்ல. இவங்க நடக்கறப்ப அடிச்சா மோளமே வேற மாதிரிக் கேக்குதுங்கண்ணா."

நாச்சிமுத்து மறுபடி பாய்ந்தான். இந்த முறை வாசல் வேலிவரை வழுக்கினான்.

அன்று சாப்பிடும்போது வசந்தாமணியிடம் நேரடியாகவே கேட்டான். அவள் மறைக்கவில்லை.

"பொறந்ததுலருந்து சுத்தியாச்சுங்க. ஒருக்கா நேரா போய்ப் பாக்கோணும்."

"போயி?"

"போய்ப் பாக்கோணும், அவ்வளவுதான்."

"அவங்கூடவா?"

"மோளம் அவருகிட்டத்தான இருக்குது."

'அவரு' என்பதில் இருந்த அந்த 'ரு' நாச்சிமுத்துவின் தொண்டையில் சோற்றோடு நின்றது. அவன் தண்ணீர் குடித்தான். அது இறங்கவில்லை.

"நீங்களும் வாங்களேன்" என்றாள் வசந்தாமணி. "அந்த நடைக்குக் கூட்டலு கழித்தலுன்னு பேதமில்லீங்க. நம்ம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல போலாம். எனக்கும் ஆசயா இருக்குது."

"அவன் அடிக்கற அடிக்கு நா ஆடோணுமா?"

"ஆட வேண்டாங்க. நடந்தாப் போதும்."

அவன் தட்டிலேயே கை கழுவினான். பக்கத்தில் பக்கத்தில் நடப்பதை அவனும் நினைத்துப் பார்த்தான். நினைப்பில் வசந்தாமணிக்கு ஒரு பக்கம் அவன் நடந்தான், மறுபக்கம் செங்கோடன் நடந்தான். அவள் முகம் செங்கோடன் பக்கமே திரும்பியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் தலைக்குக் குளித்து, அவன் வாங்கித் தந்த மயில்நீலச் சேலையை உடுத்திக்கொண்டு மில் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னிக்குக் கடைசி வரைக்கும் போறோமுங்க. எல்லைக்கல்லு வரைக்கும்."

அவன் மிளகாயைக் கொட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"வாரீங்களா?"

"வேல கெடக்குது."

அவள் போனாள். கொஞ்ச நேரத்தில் மேளம் கேட்டது. நாச்சிமுத்து மிளகாயின்மேலேயே யாருடைய ராகியையோ கொட்டி அரைத்தான். சிவப்பாக மாவு விழுந்தது. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இழுப்பும் கிடையாது, திருப்பமும் கிடையாது. அதைத் தாண்டியவர்கள் தாண்டிய திசையிலேயே போய்க்கொண்டிருப்பார்கள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். மேளச் சத்தம் கிழக்கே கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. அவன் மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடினான்.

வீதியில் நுழைந்ததும் திருப்பம் அவனை இடப்பக்கம் வீசியது. வடக்குச் சுவரோரம் இருந்த பூக்கடையில் போய் விழுந்தான். எழுந்து வேகத்தைக் குறைத்தான். இழுப்பு அவனைத் தெற்குச் சுவரில் கொண்டுபோய் ஒட்டியது. வயதான கூட்டல்காரர்கள் அங்கே முதுகை ஒட்டவைத்துக்கொண்டு பேப்பர் படிப்பது வழக்கம். அவன் வந்து விழுந்ததும் அவர்கள் சுவரோடு சுவராக இரண்டு பக்கமும் வழுக்கி இடம் விட்டார்கள். ஒருவர் மட்டும் பேப்பரைத் தாழ்த்தி, "மில்லு இன்னிக்கு லீவா?" என்று கேட்டார்.

அவன் மறுபடி ஓடினான், பூக்கடை. மறுபடி தயங்கினான், தெற்குச் சுவர். கோபம் வந்தபோதெல்லாம் வடக்கே போனான். அவள் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்துக் கால் தளர்ந்தபோதெல்லாம் தெற்கே வந்தான். பூக்கடைக்காரம்மா கூடையை உள்ளே எடுத்து வைத்துவிட்டாள்.

கடைசியில் அவனுக்கு மூச்சு தீர்ந்துபோனது. ஓடவும் முடியவில்லை, யோசிக்கவும் முடியவில்லை. காதில் மேளம் மட்டும் விழுந்தது. கால் தானாக அதற்கேற்ப விழத் தொடங்கியது. இரண்டு பக்கத்துச் சுவர்களும் அவனை விட்டுவிட்டன.

நாச்சிமுத்து வாழ்க்கையில் முதன்முறையாக நேராக நடந்தான். கடைகள் எதிரே வந்து பக்கத்தில் ஒழுங்காகக் கடந்து போயின. பார்த்த இடத்துக்கே போய்ச் சேர முடிந்தது. தூரத்தில் மயில்நீலச் சேலை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் செங்கோடனின் முதுகு தெரிந்தது. அவர்கள் தொட்டுக்கொள்ளவில்லை, பேசிக்கொள்ளவில்லை. நடந்தார்கள்.

"வசந்தா!"

அவள் தலையை மட்டும் திருப்பினாள். அவள் முகம் மலர்ந்தது. "வந்துட்டீங்களா! நேராவா வாரீங்க?"

"நில்லு!"

"நின்னா வடக்குச் செவுத்துல போயி ஒட்டிக்குவேனுங்க."

"டேய் செங்கோடா, மெதுவா அடிடா!"

"மெதுவா அடிச்சா எல்லாருமே ஒதுங்கீருவோமுங்கண்ணா" என்று செங்கோடன் திரும்பாமல் சொன்னான்.

அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு விஷயம் புரிந்தது. நேராகப் போக வேண்டுமானால் அவர்கள் வேகத்திலேயே போக வேண்டும். அவர்கள் வேகத்திலேயே போனால் எட்டிப் பிடிக்க முடியாது. அவனுக்கும் அவர்களுக்கும் நடுவே எட்டுப் பத்துக் கடைகள் இருந்தன. எவ்வளவு நடந்தாலும் அந்த எட்டுப் பத்துக் கடைகள் இருந்துகொண்டே இருக்கும்.

"அப்படியே வாங்க" என்று வசந்தாமணி கூப்பிட்டாள். "நல்லா இருக்குதில்லீங்க?"

நல்லாத்தான் இருந்தது. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் தாளம் தப்பாமல் அடித்துக்கொண்டிருந்தது. அது செங்கோடனின் கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவளுக்குள்ளும் இதே அடிதான் கேட்கும். தினமும் பிற்பகலில் அவள் இதைத்தான் முகத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எல்லைக்கல் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் மூன்று பேரும் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்கள். நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான்.

திருப்பம் அவனை அள்ளிக்கொண்டு போனது. வடக்குச் சுவரில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியாக வெளியே வந்து விழுந்தான். விழுந்த வேகத்திலேயே ஓடினான். அவ்வளவு வேகத்தில் அவன் இதுவரை ஓடியதில்லை. வட்டம் ஊரையே சுற்றிக்கொண்டது. ஊரணி, சுடுகாடு, பஞ்சாயத்து ஆபீஸ், கரும்புத் தோட்டம், மறுபடி ஊரணி. நிற்க நினைத்தால் அந்த இரண்டு முதுகுகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன. கால் நிற்கவில்லை. வளைந்து வளைந்து ஓடிய உடம்பு பொழுது சாய்வதற்குள் ஒளிரத் தொடங்கியது. முதலில் முழங்கைகள், பிறகு முதுகு, பிறகு மீசை. ஒளி உடம்பைவிட்டு வெளியே போகப்போக வேகம் குறைந்தது, வட்டம் சுருங்கியது. அந்தி மயங்கும்போது அவன் தன் வீட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

வசந்தாமணி வாசலில் உட்கார்ந்திருந்தாள். சோறு வடித்திருந்தது.

"எப்ப வந்தே?" என்று கேட்டுக்கொண்டே அவளைக் கடந்து போனான். பதிலைக் கேட்க அவன் ஒரு முழுச் சுற்று சுற்றி வர வேண்டியிருந்தது. வட்டம் சுருங்கினாலும் சுற்று நேரம் சுருங்குவதில்லை.

"அப்பவே வந்துட்டேனுங்க" என்றாள் அவன் மறுபடி வந்தபோது.

"கல்லத் தாண்டுனியா?"

ஒரு சுற்று.

"இல்லீங்க. கல்லுகிட்ட நின்னு எட்டிப் பாத்தேன். அங்க எல்லாரும் நேரா போயிட்டிருந்தாங்க. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

"தனியாவா வந்தே?"

இந்தச் சுற்று அவனுக்கு மிகவும் நீளமாக இருந்தது. அதற்குள் வெளிச்சம் எதிர்வீட்டுச் சுவர்வரை எட்டியது.

"அவரும் வந்தாரு. மோளத்துல வாரு அந்துபோச்சாம். ஊசி கேட்டாரு."

அடுத்த சுற்றில் பார்த்தால், செங்கோடன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து மேளத்தைத் தைத்துக்கொண்டிருந்தான். நல்ல வெளிச்சம். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி அரிசியில் கல் பொறுக்கினாள். இன்னொருத்தி தொலைந்துபோன மூக்குத்தியைத் தேடினாள். ஒரு மாணவி பரீட்சைக்குப் படித்தாள். வசந்தாமணி தன் ரவிக்கையை எடுத்து வந்து கொக்கி தைக்க உட்கார்ந்தாள். நாச்சிமுத்து வரும்போதெல்லாம் ஒரு கவளம் சோற்றை உருட்டி அவன் கையில் வைத்தாள். அவன் வாங்கித் தின்றுகொண்டே ஓடினான்.

சோறு உள்ளே போகப்போக அவனுக்குக் கொஞ்சம் ஆறியது. வட்டம் வாசல் அளவுக்குச் சுருங்கிவிட்டது. இன்னும் இரண்டு மூன்று சுற்றில் அவள் பக்கத்தில் வந்து நின்றுவிடுவான் போலிருந்தது.

"நாளைக்கும் போவியா?" என்று மெதுவாகத்தான் கேட்டான்.

"போவேனுங்க. நீங்களும் வாங்க" என்றாள் அவள், அடுத்த சுற்றில்.

"பாக்கலாம்" என்றான் நாச்சிமுத்து. அவன் மீசை அணைந்தது. பிறகு முழங்கைகள் அணைந்தன. முதுகில் மட்டும் ஒரு மங்கல் மிச்சமிருந்தது.

"அக்கா, எழுத்துத் தெரியல" என்றாள் படித்துக்கொண்டிருந்த மாணவி. "இன்னும் ரெண்டு பாடம் இருக்குது."

வசந்தாமணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு, ரவிக்கையை மடியில் வைத்துக்கொண்டு, செங்கோடன் பக்கமாக ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள். தெருமுனைவரை வெளிச்சம் வந்தது. எல்லோரும் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.